மந்தமாகிவிட்ட மடிக்கணினி: புதிது வாங்குவதற்கு முன்

சில மாதங்களாக நமக்கு வரும் கடிதங்களில், நூல் விலையையும் கூலியையும் பற்றியவற்றுக்கு அடுத்தபடியாக, ஒரே முறையீடு திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. சங்கக் காரியாலயத்து மடிக்கணினி காலையில் விசையை அழுத்தினால் எழுந்து உட்காரக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. ஒரு பட்டியலைத் திறக்கச் சொன்னால் வெள்ளைத் திரையைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. இதற்கு என்ன பரிகாரம், புதிதாக ஒன்று வாங்கிவிடலாமா என்பதே அம்முறையீடு. நெசவாளர் சங்கங்கள் மட்டுமல்ல, விவசாயிகளின் சங்கங்களும் இவ்வாறே எழுதியுள்ளன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுதுவதைக் காட்டிலும், நம் சங்கத்திலேயே சென்ற ஆண்டு நிகழ்ந்ததைக் கூறி, அதன் வழியே விஷயத்தை விளக்குவது உசிதம் எனக் கருதுகிறோம்.

நம்முடைய மடிக்கணினி 2014ஆம் ஆண்டில் வாங்கப்பட்டது. அதன் நினைவகம் 4 ஜி.பி.; உள்ளே இருந்தது 500 ஜி.பி. கொள்ளும் சுழலும் வன்தட்டு. 2016இல் அதன் இயங்குதளம் விண்டோஸ் 10 ஆக மாற்றப்பட்டது. தொடக்கத்தில் நன்றாகவே உழைத்த அக்கருவி, ஆண்டுக்கு ஆண்டு தளர்ந்து, இறுதியில் சனிக்கிழமைகளில் கூலிப் பட்டியல் அச்சிடுவதற்கே ஒரு பிற்பகல் முழுவதும் தேவைப்படும் நிலைக்கு வந்தது. துணியை ஒப்படைத்துவிட்டுக் கூலிக்காகக் காத்திருந்த அங்கத்தினர்கள் விளக்கு வைக்கும் நேரம் வரை திண்ணையிலேயே இருக்க நேர்ந்தது. மூத்த நெசவாளர் ஒருவர் காரியதரிசியைப் பார்த்து, “தம்பி, உன் பெட்டி ஒரு தாளைக் கக்குவதற்குள் நான் வீட்டுக்குப் போய் ஒரு முழம் நெய்து வந்திருப்பேனே!” என்றார். அவர் சொன்னது வேடிக்கைக்காக அன்று. அத்தனை பேரின் அரை நாள் உழைப்பு அத்திண்ணையில் வீணாகிக்கொண்டிருந்தது.

விஷயம் நிர்வாகக் குழுவின் முன் வந்தது. புதிய கணினிக்கு ரூ. 46,000 என விலைப்பட்டியல் வாங்கி வைத்திருந்தார்கள். அத்தொகைக்குச் சங்கத்தில் இருந்த ஒரே வழி, மழைக்கு முன் சாயப்பட்டறைக் கூரையை மாற்றுவதற்கென ஒதுக்கி வைத்த பணமே. தீர்மானம் நிறைவேறும் தறுவாயில், அங்கத்தினர் ஒருவரின் மகள், தந்தைக்குப் பதிலாக ஒரு கணக்கு விவரம் கேட்க வந்திருந்தவர், “ஐயா, அது ஏன் மெதுவாக ஓடுகிறது என்று யாராவது பார்த்தீர்களா?” என்று கேட்டார். ஒருவரும் பார்க்கவில்லை. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் ஒன்றை அப்பெண் பள்ளிநாளில் பெற்று, இன்றளவும் தம் கையாலேயே பழுது பார்த்து உபயோகித்து வருகிறார் என்பது அன்றுதான் நமக்குத் தெரிந்தது. தலைவர், “அம்மா, நீயே வந்து பார்” என்றார். தீர்மானம் ஒரு வாரத்திற்கு ஒத்தி வைக்கப்பட்டது.

மறுநாள் வந்தவர் கணினியைத் தொடவில்லை. கணக்குகளின் பிரதி எங்கே இருக்கிறது என்பதே அவருடைய முதற்கேள்வி. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பென் டிரைவ் எடுத்துக் கொடுக்கப்பட்டது. அதிலிருந்த பிரதி பதினெட்டு மாதங்களுக்கு முந்தியது. “முதலில் பிரதி, பிறகுதான் வைத்தியம்” என்று கூறிவிட்டு, வெளிவட்டு ஒன்றைப் பொருத்தி, பங்குப் பேரேடு, நூல் இருப்பு, சேமிப்புக் கணக்கு ஆகியவற்றை நகலெடுக்கத் தொடங்கினார். அரை மணியில் முடிந்திருக்க வேண்டிய வேலை நான்கு மணி நேரம் பிடித்தது. இடையிடையே கருவி முற்றிலும் உறைந்து நின்றது. உள்ளிருந்து ‘டிக், டிக்’ என்ற மெல்லிய ஒலி கேட்டது. முடிவில் இரண்டு கோப்புகள் படிக்க இயலாதவை எனத் திரும்பி வந்தன. அவற்றுள் ஒன்று, கடைசிக் காலாண்டின் சேமிப்புக் கணக்கு. 212 அங்கத்தினர்களின் சிறுசேமிப்பு அதில் இருந்தது. நல்ல வேளையாக, பழைய வழக்கத்தை விடாத நம் எழுத்தர் அதைக் கைப்பேரேட்டிலும் எழுதி வந்திருந்தார். மூன்று மாலைகள் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பார்த்து மீண்டும் ஏற்றினோம். அவர் அவ்வாறு எழுதுவதை ‘இரட்டை வேலை’ என்று இதற்கு முன் பலமுறை குறை கூறியவர்களில் நாமும் அடங்குவோம்.

கணினியின் மந்தம் சில சமயம் வெறும் முதுமை அன்று. அது மரண அறிவிப்பாகவும் இருக்கக்கூடும். வன்தட்டில் ஓர் இடம் கெட்டுவிட்டால், தட்டு உடனே கைவிடுவதில்லை. அதே இடத்தை மீண்டும் மீண்டும் படிக்க முயல்கிறது. அம்முயற்சியில் பல விநாடிகள் கழிகின்றன. அதுவரை மற்ற வேலைகள் யாவும் வாயிலில் காத்து நிற்கின்றன. பார்ப்பவருக்கு இது ‘மெதுவாக ஓடுகிறது’ என்றே தோன்றும். ஆதலின், அடிக்கடி முழுவதும் உறைந்து நிற்பது, டிக் டிக் என்னும் ஒலி, சில கோப்புகள் திறக்க மறுப்பது ஆகிய மூன்றில் ஒன்று இருப்பினும், வேறெதையும் செய்யுமுன் பிரதி எடுத்துவிட வேண்டும். வட்டைச் சீர்ப்படுத்தும் ‘டிஃப்ராக்’, பிழை திருத்தும் ‘செக்டிஸ்க்’ போன்றவற்றை அந்நிலையில் ஓட்டலாகாது. நோயாளியை எழுப்பி ஓடச் சொல்வது போன்றது அது.

பிரதி கைக்கு வந்தபின், காரணத்தைத் தேடலாம். இதற்குச் செலவில்லாத வழி ஒன்று விண்டோஸிலேயே உண்டு. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ என்னும் பலகை திறக்கும். அதில் ‘சி.பி.யு.’, ‘மெமரி’, ‘டிஸ்க்’ என்ற பத்திகளின் தலையில் விழுக்காடு காட்டப்படும். கருவி திணறிக்கொண்டிருக்கும் வேளையில், இவற்றுள் எது 100ஐ ஒட்டி நிற்கிறது எனப் பாருங்கள். பழைய விண்டோஸ் 7இல் ‘டிஸ்க்’ பத்தி அங்கே இராது. ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ என்ற வேறு பலகையில் காணலாம்.

இம்மூன்றும் யாவை? தறியைக் கொண்டு சொன்னால் நம் அங்கத்தினர்களுக்கு எளிதில் விளங்கும். செயலி என்பது நெசவாளர். நினைவகம், அதாவது ரேம், அவர் கையருகே இருக்கும் தார்ப்பெட்டி. வன்தட்டு, நூல் வைத்திருக்கும் கிடங்கு. பெட்டி நிறையத் தார் இருக்கும்வரை நாடா தங்குதடையின்றி ஓடும். பெட்டி சிறியதாயின், ஒவ்வொரு தார் தீரும்போதும் நெசவாளர் குழியை விட்டு எழுந்து கிடங்குக்குப் போய் வர வேண்டும். அத்துடன், புதிய தாருக்கு இடம் வேண்டி, பெட்டியிலுள்ள வேறொன்றைக் கிடங்கில் கொண்டுபோய் வைத்துவிட்டும் வர வேண்டும். நெசவாளரின் கைத்திறனில் குறையேதும் இல்லை. அவருடைய நாள் நடையிலேயே போய்விடுகிறது. 4 ஜி.பி. நினைவகத்தில் விண்டோஸ் 10ஐயும், கணக்கு மென்பொருளையும், இணைய உலாவியில் பத்துப் பக்கங்களையும் ஒருசேரத் திறந்தால் நேர்வது இதுவே.

கிடங்கின் இயல்பையும் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். மடிக்கணினிகளில் பெரும்பாலும் இருந்த சுழலும் தட்டு நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்கிறது. அதாவது விநாடிக்கு 90 சுற்று. வேண்டிய இடம் படிக்கும் ஊசியின் கீழ் வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது விநாடியின் ஆயிரத்தில் ஐந்தரைப் பங்கு, காத்திருக்க வேண்டும். ஊசி உரிய வளையத்துக்கு நகர்வதற்கு மேலும் ஆயிரத்தில் பத்துப் பங்கு அளவில் ஆகும். ஆக, ஆங்காங்கே சிதறிக்கிடக்கும் சிறு துண்டுகளை விநாடிக்கு அறுபது வீதமே அது எடுத்துத் தர இயலும். காலையில் கணினி எழும்போது இத்தகைய துண்டுகள் இருபதாயிரம் தேவை எனக் கொள்வோம். ஐந்தரை நிமிடம் போய்விட்டது! சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. என்னும் திடநிலை வட்டு, ஒரு துண்டை ஆயிரத்தில் ஒரு பங்கினும் பத்தில் ஒன்றான நேரத்தில் எடுத்துவிடும். அதே இருபதாயிரத்துக்கு அதற்கு இரண்டு விநாடி போதும். பழைய மடிக்கணினிக்குச் செய்யக்கூடிய சீர்திருத்தங்களுள் இதற்கு இணையானது வேறில்லை என்பது நம் அபிப்பிராயம். புதிய செயலியுடன் கூடிய கணினியே ஆயினும், சுழலும் தட்டு இருப்பின் அது இவ்வாறே தவிக்கும்.

நம் கருவியில் ‘டிஸ்க்’ பத்தி 100இலேயே நின்றது. வட்டின் உடல்நிலையைக் காட்டும் ‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ என்னும் இலவச மென்பொருளை ஓட்டியபோது, கெட்ட இடங்களின் எண்ணிக்கைக்கு எதிரே மஞ்சள் எச்சரிக்கை தோன்றியது. ‘மெமரி’ 90க்கு மேல். செயலியோ முப்பதைத் தாண்டவில்லை. கிடங்கு இடிந்துகொண்டிருந்தது, பெட்டி சிறியது, நெசவாளர் சும்மா இருந்தார்.

எஸ்.எஸ்.டி. வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்றே. 2010ஐ அடுத்த ஆண்டுகளின் பெரும்பாலான மடிக்கணினிகளுக்கு இரண்டரை அங்குல ‘சாட்டா’ வகையே பொருந்தும். பட்டையாக மெலிந்திருக்கும் ‘எம்.2’ வகையை மலிவாயிருக்கிறதே என்று வாங்கிவந்தால் செருக இடம் இராது. கொள்ளளவு 240 ஜி.பி. சங்கக் கணக்குகளுக்குத் தாராளம். நினைவகம் வாங்குவதில் இன்னும் சற்று எச்சரிக்கை தேவை. டி.டி.ஆர்.3 வகையில் 1.5 வோல்ட்டில் இயங்குவது ஒன்று, 1.35 வோல்ட்டில் இயங்கும் ‘எல்’ எழுத்துடையது ஒன்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. சில கருவிகள் பின்னதை மட்டுமே ஏற்கும். உள்ளே இருக்கும் அட்டையைக் கழற்றிக் கடைக்கே எடுத்துச் சென்று, அதே வகையைக் கேட்டு வாங்குவது பிழையற்ற முறை. மெல்லிய உடலுடைய சில மடிக்கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் கூட்ட இயலாது. மேலும், 32 பிட் விண்டோஸ் போடப்பட்ட கணினியில் 4 ஜி.பி.க்கு மேல் சேர்ப்பதில் பயனில்லை. அது அந்த அளவையே முழுதும் எடுத்துக்கொள்ளாது.

அடுத்து, தறி வீடுகளுக்கே உரிய ஒரு நோயைச் சொல்ல வேண்டும். அது பஞ்சுத் தூசு. செயலியின் சூட்டை வெளியேற்ற, விசிறியும் அதன் வாயிலில் சீப்புப்பற்கள் போன்ற மெல்லிய உலோகத் தகடுகளும் உள்ளன. காற்றில் பறக்கும் பஞ்சு அத்தகடுகளில் படிந்து, நாளடைவில் கம்பளி போன்றதொரு திரையாகிவிடுகிறது. களத்து மேட்டுக்கு அருகிலுள்ள காரியாலயங்களில் நெல்தூசு இதே வேலையைச் செய்யும். செயலியின் சூடு 100 பாகைச் செல்சியஸை நெருங்கும்போது, அது தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. இதற்கு அடையாளம் தெளிவானது. காலையில் முதற்பத்து நிமிடம் சுறுசுறுப்பாக ஓடும், பிறகு மந்தமாகும், விசிறி இரையும், அடிப்பாகம் கையை வைக்க முடியாதபடி சுடும். டாஸ்க் மேனேஜரில் வேகம் என்ற இடத்தில், 2 ஜிகாஹெர்ட்ஸ் காட்ட வேண்டிய கருவி 1க்கும் கீழே காட்டும்.

நம்முடையதைத் திறந்தபோது, தகடுகளின் மேல் நகக்கனத்துக்குப் பஞ்சு இருந்தது. கிழியாமல் ஒரே துண்டாக அதை உரித்தெடுத்து மேசை மேல் வைத்தார் அப்பெண். “இதைச் சிட்டம் போட்டால் அரை முழத்துக்குத் தேறும்” என்றார் தலைவர்.

தூய்மை செய்யும்போது மின்னிணைப்பை நீக்கி, மின்கலத்தையும் கழற்றிவிட வேண்டும். ஈரத்துணி கூடாது. காற்றடித்து ஊதுவதாயின், விசிறியின் இறகை ஒரு குச்சியால் நிறுத்திப் பிடித்துக்கொண்டு ஊதுக. இல்லையேல் அது தாறுமாறாகச் சுழன்று கெடும். செயலிக்கும் உலோகத் தகட்டுக்கும் இடையே பூசிய வெப்பப் பசை பத்தாண்டுகளில் காய்ந்து பொடியாகியிருக்கும். பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாகச் சிறிதளவு இட வேண்டும். பழக்கமில்லாதவர்கள் இதனைப் பழுது பார்ப்போரிடம் விட்டுவிடுவது மேல். இனி மடிக்கணினியை மெத்தை மீதோ துணிக்கட்டின் மீதோ வைத்து ஓட்டும் வழக்கத்தையும் நிறுத்திவிடலாம். காற்று புகும் வழி அடியில்தான் இருக்கிறது.

மின்னேற்றியையும் ஒருமுறை பார்ப்பது நன்று. பழையது கெட்டு, சந்தையில் கிடைத்த வேறொன்றைப் பொருத்தியபின் வேகம் குறைந்தது எனில், காரணம் அதுவாகவே இருக்கலாம். தனக்குரியதல்லாத மின்னேற்றியைக் கண்டால் சில கருவிகள் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன.

மென்பொருள் பக்கத்துக் காரணங்களைப் பலரும் அறிவர். கணினி எழும்போதே தாமாக ஓடத் தொடங்கும் பல செயலிகள் தேவையற்றவை. டாஸ்க் மேனேஜரின் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில் அவற்றை நிறுத்தி வைக்கலாம். வைரஸ் தடுப்பு ஒன்று போதும். இரண்டு இருந்தால் ஒன்றையொன்று சோதித்துக்கொண்டு இரண்டும் கருவியைத் தின்னும். ‘ஒரே சொடுக்கில் வேகம்’ என விளம்பரம் செய்யும் துப்புரவு மென்பொருள்களை நாம் சிபாரிசு செய்யோம். அவற்றுட் பல தாமே சுமையாகி அமர்ந்துகொள்பவை.

இயங்குதளத்தைப் பற்றியும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14உடனும், விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14உடனும் முடிவுற்றன. விண்டோஸ் 11 கேட்கும் ‘டி.பி.எம். 2.0’ முதலிய உறுப்புகள் 2014ஆம் ஆண்டுக் கருவியில் இல்லை. லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளங்கள் இத்தகைய கருவிகளில் இலகுவாக ஓடுகின்றன, அதன் ‘எக்ஸ்.எஃப்.சி.இ.’ பதிப்பு குறிப்பாக இலேசானது. ஆனால் நம் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்குவது. ஆகவே, கணக்குக் கணினியில் விண்டோஸையே புதிய வட்டில் மீண்டும் நிறுவி, அதை இணையத்திலிருந்து அறவே விலக்கி வைத்தோம். மின்னஞ்சலுக்கும் அரசு இணையதளங்களுக்கும், மூலையில் கிடந்த இன்னொரு பழைய கருவியில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தார் அப்பெண். எழுத்தர் முதல் வாரம் முணுமுணுத்தார். இப்போது அதிலேயே தமிழில் கடிதங்கள் அடிக்கிறார்.

இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவோர் ஒன்றை மறக்கலாகாது. யூனிகோடு பரவுவதற்கு முன்னர் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகள், அவ்வவற்றுக்குரிய பழைய எழுத்துருக்களை நம்பியே நிற்கின்றன. எழுத்துரு இல்லாவிடில், பத்து வருஷத்துத் தீர்மானப் புத்தகம் முழுவதும் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகத் தோன்றும். பழைய வட்டின் ‘ஃபான்ட்ஸ்’ உறையை முழுவதும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அச்சுப்பொறிக்கான மென்பொருளையும், கணக்கு மென்பொருளின் உரிம எண்ணையும் முன்கூட்டியே குறித்து வைப்பதும் அவசியம்.

எல்லாக் கருவியும் இவ்விதம் பிழைக்கும் என்று நாம் சொல்லவில்லை. நினைவகம் 2 ஜி.பி. மட்டுமே பலகையோடு பற்றவைக்கப்பட்ட சிறு கருவிகளுக்கும், 32 ஜி.பி. சேமிப்பிடமே கொண்டவற்றுக்கும் பணம் போடுவது வீண். மின்கலம் உப்பி, விசைப்பலகையோ அடிமூடியோ மேலெழும்பி நின்றால், அக்கணமே உபயோகத்தை நிறுத்த வேண்டும்; அதைக் குத்துவதோ அழுத்துவதோ தீ விபத்தில் முடியலாம். குப்பைமேட்டிலோ வயல் வரப்பிலோ எறியாமல், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

நமக்கு ஆன செலவு: எஸ்.எஸ்.டி.யும், 4 ஜி.பி. கூடுதல் நினைவகமும், பசையும் சேர்த்து ரூ. 3,450. நாம் வாங்கிய நாள் விலை அது. இப்பொருள்களின் விலை ஏறியிறங்கும் இயல்புடையதாகையால் கடையில் கேட்டறிக. வேலைக்குக் கூலி பெற அப்பெண் மறுத்தார். குழு அதற்கு உடன்படாமல், பழுது பார்ப்போருக்கு வழங்கும் தொகையை வவுச்சர் போட்டுக் கொடுத்தது. கணினி இப்போது ஒரு நிமிடத்துக்குள் எழுந்துவிடுகிறது. சாயப்பட்டறைக்குக் கூரை மாற்றியாயிற்று.

பழைய வன்தட்டு, தேதியிட்ட உறையில் பீரோவில் இருக்கிறது. பிரதி எடுப்பதற்கென இரண்டு வெளிவட்டுகள் வாங்கியுள்ளோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை 5 மணிக்கு ஒன்றில் நகல் எடுத்து, அது சரியாகத் திறக்கிறதா என ஒரு பேரேட்டைத் திறந்து பார்த்த பின், அதைத் தலைவர் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார். முந்திய வாரத்து வட்டு காரியாலயத்துக்குத் திரும்புகிறது. கைமாறியதற்குப் பதிவேட்டில் இருவரும் ஒப்பமிடுகின்றனர். எழுத்தர் தம் கைப்பேரேட்டையும் விடவில்லை.